சுங்குடிக் கடையும் சர்ச் கன்சோலும்: நாலு வருட அனுபவம்

மதுரையில் இருந்து சுங்குடிச் சேலைகளை இணையத்தில் விற்கிறோம். சேலை எடுப்பது, படம் பிடிப்பது, பார்சல் கட்டுவது எல்லாம் அக்கா. தளத்தைப் பார்த்துக்கொள்வது நான். கூகுள் தேடலில் கடையை மேலே கொண்டுவர நாலு வருடமாக நான் நம்பியிருப்பது, கூகுளே இலவசமாகத் தரும் சர்ச் கன்சோலை. நம் தளம் கூகுள் தேடலில் எப்படித் தெரிகிறது என்று காட்டும் கருவி அது. இதே வேலையைத் தொடங்கப்போகிறவர்களுக்கு உதவும் என்று தோன்றுவதை எழுதுகிறேன்.

இணைப்பது பெரிய வேலை இல்லை. டொமைன் (தளத்தின் பெயர்) வாங்கிய இடத்தில், அதன் அமைப்புகள் இருக்கும் டிஎன்எஸ் பகுதிக்குப் போய், கூகுள் கொடுக்கும் வரியை ஒட்டிவிட்டால் போதும். டபிள்யூடபிள்யூடபிள்யூ உள்ளது, இல்லாதது என்று கடை முகவரியின் எல்லா வடிவங்களும் ஒரே கணக்கில் வந்துவிடும். தளத்தில் உள்ள பக்கங்களின் பட்டியலான சைட்மேப்பையும் கொடுத்தேன். அப்புறம் இரண்டு மாதம் எதுவும் நடக்கவில்லை. புதுக் கடைக்கு அது சகஜம் என்று அன்று தெரியாததால் மிகவும் கவலைப்பட்டேன்.

எனக்கு முதலில் கண் திறந்தது, மக்கள் என்ன தட்டித் தேடுகிறார்கள் என்று காட்டும் பட்டியல். சுங்குடி என்பதை ஆங்கில எழுத்தில் எத்தனை விதமாக எழுதுகிறார்கள் தெரியுமா? எஸ் போட்டுத் தொடங்குபவர்கள் ஒரு பக்கம், சிஎச் போட்டுத் தொடங்குபவர்கள் இன்னொரு பக்கம். நடுவில் சுங்கடி, சுங்கிடி என்று வேறு. எங்கள் தளத்தில் ஒரே ஒரு எழுத்துக்கூட்டல்தான் இருந்தது. வகைப் பக்கத்தில் இந்த வடிவங்களை இயல்பான ஒரு வாக்கியத்தில் சேர்த்தேன். அவ்வளவுதான். சில வாரங்களில் சிஎச் போட்டுத் தேடியவர்களுக்கும் கடை தெரிய ஆரம்பித்தது.

அதே பட்டியலில் அடிக்கடி வந்த இன்னொரு கேள்வி, “சுங்குடி சேலை சாயம் போகுமா”. அக்காவுக்கு வாட்ஸ்அப்பில் தினமும் வரும் கேள்விதான் இது. இதற்குத் தனிப் பக்கம் எழுதினோம், உள்ளதை உள்ளபடி. அடர் சிவப்பும் நீலமும் முதல் சில துவைப்பில் கொஞ்சம் சாயம் விடும், தனியாகக் குளிர்ந்த தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்துங்கள் என்று எழுதி, எங்கள் வீட்டிலேயே துவைத்துப் படமும் போட்டோம். இப்படி எழுதினால் யாரும் வாங்க மாட்டார்கள் என்று உறவினர் ஒருவர் எச்சரித்தார். இன்று கடைக்குப் புதிதாக வருகிறவர்களில் அதிகம் பேர் அந்தப் பக்கம் வழியாகத்தான் வருகிறார்கள்.

அடுத்ததாக, கையால் முடிச்சுப் போட்டதையும் மெழுகு அச்சு, ஸ்கிரீன் அச்சு போட்டதையும் எப்படிப் பிரித்தறிவது என்று எழுதினோம். முடிச்சுச் சேலையில் புள்ளிகள் ஒரே அளவில் இருக்காது, முடிச்சை அவிழ்த்த இடத்தில் துணி குத்துக்குத்தாக நிற்கும். ஸ்கிரீன் அச்சில் சேலையின் உட்புறம் புள்ளி மங்கலாக இருக்கும். இதை எழுத அக்காவைத் தவிர யாராலும் முடிந்திருக்காது. இணையப் பக்கங்களை மதிப்பிடும் அளவுகோலில் ‘நேரடி அனுபவம்’ என்பதையும் 2022 டிசம்பரில் கூகுள் சேர்த்தது. எங்களுக்கு அது புதிதாகத் தெரியவில்லை. சேலையைக் கையில் தொட்டவர் எழுதியதற்கும் தொடாதவர் எழுதியதற்கும் உள்ள வித்தியாசம் வாங்குகிறவருக்கே தெரிந்துவிடும்.

சேலைக் கடைக்கென்றே உள்ள பெரிய சிக்கல் ஒன்று உண்டு. முடிச்சுச் சேலை ஒவ்வொன்றும் ஒன்றே ஒன்று. பக்கம் போடுகிறோம், கூகுள் அதைப் பார்த்து இண்டெக்ஸில், அதாவது தன் தேடல் பட்டியலில், சேர்ப்பதற்குள் சேலை விற்றுவிடுகிறது. விற்றதும் பக்கத்தை அழித்துவிடுவோம். ஒரு வருடம் கழித்து சர்ச் கன்சோலைப் பார்த்தால், செத்துப்போன பக்கங்கள் உயிருள்ளவற்றைவிட அதிகம். பதறிப்போய், அழித்த எல்லாவற்றையும் முகப்புப் பக்கத்துக்குத் திருப்பிவிட்டேன். அது தவறு. சம்பந்தமில்லாத பக்கத்துக்குத் திருப்பினால் கூகுள் அதையும் செத்த பக்கமாகவே எடுத்துக்கொள்கிறது.

பிறகு முறையையே மாற்றினோம். ஒவ்வொரு சேலைக்கும் முகவரி என்பதை விட்டுவிட்டு, ஒவ்வொரு ரகத்துக்கும் நிலையான முகவரி. ‘அரக்குச் சிவப்பு, ஜரிகை பார்டர், முடிச்சு’ என்று ஒரு பக்கம் இருந்தால் அது எப்போதும் இருக்கும். சரக்கு வந்தால் படம் மாறும். தீர்ந்தால் ‘இருப்பு இல்லை’ என்று காட்டி, வந்ததும் தகவல் சொல்ல ஒரு பொத்தான் வைப்போம். உண்மையிலேயே திரும்ப வராத சேலை என்றால் மட்டும் அதற்கு மிக நெருங்கிய ரகத்துக்கு 301 (நிரந்தரமாக இடம் மாறியது என்ற குறி) போட்டுத் திருப்புகிறோம். அதுவும் இல்லையென்றால் 404 ஆகவே, அதாவது ‘பக்கம் இல்லை’ என்றே விட்டுவிடுகிறோம். சில 404 பக்கங்கள் இருப்பதால் மற்ற பக்கங்களின் தரவரிசை குறையாது. நாலு வருடத்தில் நாங்கள் செய்த மாற்றங்களில் அதிகப் பலன் தந்தது இதுதான். ஒரு முகவரி மூன்று வருடம் ஒரே இடத்தில் இருந்தால் அதற்கென்று ஒரு மதிப்பு சேர்கிறது. பழைய வாடிக்கையாளர்கள் பகிர்ந்த லிங்க்கும் வீணாவதில்லை.

வடிகட்டிகள் இன்னொரு தொல்லை. நிறம், விலை, வரிசை என்று ஒவ்வொன்றைச் சொடுக்கும்போதும் புது முகவரி உருவாகி, நூற்றுச் சொச்சம் சேலைக்கு ஆயிரக்கணக்கான பக்கங்கள் ஆகிவிட்டன. அவற்றுக்குத் தேடலில் சேர்க்காதே என்று சொல்லும் நோஇண்டெக்ஸ் வரியைப் போட்டதோடு, கூகுள் எந்தப் பக்கத்துக்குள் வரலாம் என்று சொல்லும் ரோபாட்ஸ் கோப்பிலும் தடுத்தேன். இரட்டைப் பூட்டு நல்லது என்று நினைத்தேன். ஆனால் வாசலிலேயே தடுத்துவிட்டால் உள்ளே இருக்கும் நோஇண்டெக்ஸ் வரியைக் கூகுளால் படிக்க முடியாது. முதலில் தடையை எடுத்து, அவை இண்டெக்ஸில் இருந்து விலகும்வரை காத்திருந்தேன்.

நடுவில் ஒரு நிறுவனத்திடம் ஆறு மாதம் பணம் கட்டினோம். மாதம் இத்தனை பேக்லிங்க், அதாவது வேறு தளங்களில் இருந்து எங்கள் கடைக்கு வரும் லிங்க், என்று பேச்சு. வந்ததெல்லாம் சேலைக்குச் சம்பந்தமில்லாத தளங்கள். பக்கத்தின் கோடுக்குள் தேடல் சொற்களை எழுதி வைக்கும் மெட்டா கீவேர்டு நிரப்பியதாகவும் அறிக்கை தந்தார்கள். தேடல் தரவரிசைக்கு அதைப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009இலேயே சொல்லிவிட்டது. தரவரிசைக்காக லிங்க் வாங்குவது கூகுளின் விதிகளுக்கே எதிரானது. தயவுசெய்து அந்தப் பணத்தில் நல்ல வெளிச்சத்தில் படம் எடுங்கள்.

படம் என்றதும் வேகம் பற்றிச் சொல்ல வேண்டும். போனில் எடுத்த சேலைப் படத்தை அப்படியே ஏற்றினால் பக்கம் திறக்கவே நேரமாகும். பெரிய படம் 2.5 நொடிக்குள் திரையில் வர வேண்டும் என்பது கூகுளின் அளவு. எல்லாப் படத்தையும் அளவு குறைவான வெப்பி (WebP) வடிவத்துக்கு மாற்றினேன். கீழே உருட்டும்போது மட்டும் படம் வரும் வசதியையும் போட்டேன். அதை முதல் படத்துக்கும் சேர்த்துப் போட்டதில் வேகம் இன்னும் குறைந்தது. முதல் படத்தை மட்டும் அதிலிருந்து விலக்கிய பிறகுதான் சரியானது. சின்னக் கடைகளுக்கு சர்ச் கன்சோலின் வேக அறிக்கையில் ‘போதிய தரவு இல்லை’ என்றே பல மாதம் வரும். வாடிக்கையாளர் வைத்திருக்கும் மாதிரியான சாதாரண போனில், மொபைல் டேட்டாவில் திறந்து பாருங்கள்.

விலையும் இருப்பும் தேடல் முடிவிலேயே தெரிய, கூகுளுக்குப் புரியும் வடிவில் விவரம் தரும் ஸ்ட்ரக்சர்ட் டேட்டா போட்டோம், கடைகளுக்கான கூகுளின் மெர்ச்சன்ட் சென்டரில் இலவசப் பட்டியலிலும் சேர்ந்தோம். இரண்டும் பயன் தருகின்றன. ஆடித் தள்ளுபடிக்குப் பக்கத்தில் விலையை மாற்றிவிட்டு மெர்ச்சன்ட் சென்டரில் மாற்ற மறந்ததால் சில சேலைகள் நிராகரிக்கப்பட்டன. இப்போது இரண்டும் ஒரே இடத்தில் இருந்து விலையை எடுத்துக்கொள்கின்றன.

சர்ச் கன்சோலைப் படிக்கும்போது இரண்டு விஷயம் கவனியுங்கள். சராசரி இடம் என்ற எண்ணைத் தனியாகப் பார்த்துப் பயப்படாதீர்கள். புதிய தேடல்களில் 40ஆவது இடத்தில் தெரியத் தொடங்கினாலே சராசரி கெட்டுவிடும், விற்பனை கூடியிருக்கும்போதும். அடுத்தது, தரவு 16 மாதம் மட்டுமே இருக்கும். எங்களுக்குப் பங்குனி, சித்திரையில்தான் பருத்திச் சுங்குடிக்குத் தேடல் ஏறும். இரண்டு மூன்று கோடையை ஒப்பிட வேண்டும் என்றால் மாதாமாதம் நாமே பதிவிறக்கி வைத்துக்கொள்ள வேண்டும். நான் இரண்டாம் வருடத்தில்தான் அதைத் தொடங்கினேன், முதல் கோடைக் கணக்கு போயே போய்விட்டது. அந்தக் கணக்குகளைப் பார்த்த பிறகு, கோடைக்கான பக்கங்களைத் தை மாதத்திலேயே ஏற்றிவிடுகிறோம்.

இந்த வாரப் பட்டியலில் புதிதாக ஒன்று வந்திருக்கிறது: “சுங்குடி சேலைக்குக் கஞ்சி போடலாமா”. அக்கா நாளைக்கு வடிகஞ்சி எடுத்து வைக்கிறேன் என்றிருக்கிறார். காலை வெயிலில் மொட்டைமாடியில் படம் எடுக்க வேண்டும்.