நீருக்குள் வெப்பநிலை அளக்க டிஎஸ்18பி20 உணரி: ஒரு மதிப்பீடு

ஆர்டுயினோ போன்ற சிறு மைக்ரோகண்ட்ரோலர் பலகையைக் கொண்டு நீரின் வெப்பநிலையை அளக்க விரும்புவோர் பெரும்பாலும் முதலில் வாங்குவது, துருப்பிடிக்காத எஃகுக் குழாய்க்குள் அடைக்கப்பட்டு நீண்ட கேபிளோடு வரும் டிஎஸ்18பி20 உணரியைத்தான். மீன்தொட்டி, கிணறு, குளம் என எதற்குக் கேட்டாலும் இதையே பரிந்துரைக்கிறார்கள். அதில் பெரிதும் தவறில்லை. ஆனால், வெப்பநிலையை அளக்கும் சில்லை (சிப்) வடிவமைத்தவர் ஒருவராகவும், அதைக் குழாய்க்குள் வைத்து மூடி ‘நீர் புகாதது’ என்று விற்பவர் வேறொருவராகவும் இருப்பதால், உள்ளே இருக்கும் சில்லையும் வெளியே இருக்கும் உறையையும் தனித்தனியாகவே எடைபோட வேண்டும்.

சில்லைப் பொறுத்தவரை என் மதிப்பீடு மிக உயர்ந்தது. டல்லாஸ் செமிகண்டக்டர் நிறுவனத்தின் படைப்பான இது, 2001இல் மேக்சிம் நிறுவனத்திடமும் 2021இல் அனலாக் டிவைசஸ் நிறுவனத்திடமும் சென்று, இன்றும் உற்பத்தியில் இருக்கிறது. வெப்பநிலையை உள்ளேயே எண்ணாக மாற்றி அனுப்புவதால், வெப்பத்துக்கேற்ப மின்தடை மாறும் தெர்மிஸ்டரைப் பயன்படுத்தும்போது நேர்வதுபோல் நீண்ட கேபிளின் மின்தடையோ பலகையின் மின்னழுத்த ஏற்றத்தாழ்வோ அளவீட்டைக் கெடுப்பதில்லை. ஒவ்வொரு சில்லுக்கும் 64 பிட் நீளமுள்ள தனி அடையாள எண் உண்டு என்பதால், ஒரே தரவுக் கம்பியில் பல உணரிகளைத் தொடுத்து, குளத்தின் வெவ்வேறு ஆழங்களில் ஒரே நேரத்தில் அளக்க முடிகிறது. இதற்குத் தரவுக் கம்பிக்கும் மின்வழங்கிக்கும் இடையே 4.7 கிலோ ஓம் மின்தடை ஒன்றை இணைத்தால் போதும்.

துல்லியம் குறித்துப் பலருக்கும் ஒரு குழப்பம் இருக்கிறது. 12 பிட் அமைப்பில் இந்த உணரி 0.0625 டிகிரி செல்சியஸ் படிகளில் எண்களைத் தருவதால், அளவீடும் அவ்வளவு துல்லியமானது என்று எண்ணத் தோன்றும். தயாரிப்பாளர் உறுதியளிப்பதோ, மைனஸ் 10 முதல் 85 டிகிரி வரை கூட்டியோ குறைத்தோ 0.5 டிகிரி மட்டுமே. ஆகவே ஒரே நீரில் வைத்த இரண்டு உணரிகள் ஒரு டிகிரி வரை வேறுபட்டாலும் இரண்டுமே குறையற்றவைதாம். மேல்நீருக்கும் அடிநீருக்கும் உள்ள வேறுபாட்டை அளக்க விரும்புவோருக்கு இது முக்கியம், ஏனெனில் அந்த வேறுபாடே சில நேரங்களில் ஒரு டிகிரிக்குள் அடங்கிவிடும். இதற்குத் தீர்வு எளிது: காய்ச்சி வடித்த நீரில் செய்த பனிக்கட்டியை நன்கு நொறுக்கி, சிறிதளவு அதே நீர் சேர்த்துக் கூழாக்கி, எல்லா உணரிகளையும் அதில் ஒன்றாக அமிழ்த்திக் கலக்கி, பூச்சியத்திலிருந்து ஒவ்வொன்றும் எவ்வளவு விலகுகிறது என்று குறித்து, அந்த விலகலை நிரலில் கழித்துவிட வேண்டும். இதைச் செய்த பிறகு உணரிகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகும் அளவு உண்மையிலேயே மகிழ்ச்சி தருவது.

போலிச் சில்லுகள் சந்தையில் ஏராளம். எஃகுக் குழாய்க்குள் இருப்பதால் சில்லின் மேல் அச்சிட்டிருப்பதைப் பார்க்க வழியில்லை. அடையாள எண்ணைப் படித்துத்தான் ஐயுற முடியும். அசல் சில்லுகளில் அந்த எண் பதினாறடிமான (ஹெக்ஸாடெசிமல்) முறையில் 28 என்று தொடங்குகிறது. இறுதியில் வரும் சரிபார்ப்பு எண்ணுக்கு முன் உள்ள இரண்டு பைட்டுகளும் பூச்சியமாக இருக்கின்றன.

இனி உறை. குழாயின் எஃகுப் பக்கம் நீர் புகுவதில்லை. கேபிள் உள்ளே நுழையும் வாய்தான் பலவீனமான இடம். பல உணரிகளில் அந்த வாயை வெப்பத்தில் சுருங்கும் பிளாஸ்டிக் உறை மட்டுமே மூடியிருக்கிறது. நீர் சூடாகிக் குளிரும்போதெல்லாம் குழாய்க்குள் அகப்பட்ட காற்றும் விரிந்து சுருங்குவதால், ஒவ்வொரு முறை குளிரும்போதும் அந்த வாயிலிருந்து சிறிது ஈரம் உள்ளே இழுக்கப்படுகிறது. நீரின் அழுத்தமும் ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. ஈரம் புகுந்த உணரி உடனே செத்துவிடுவதில்லை. இடையிடையே மைனஸ் 127 என்றோ 85 என்றோ காட்டத் தொடங்குகிறது. இந்த உணரியைப் படிக்கப் பரவலாகப் பயன்படும் டல்லாஸ்டெம்பரேச்சர் என்ற ஆயத்த நிரல் தொகுப்பு, உணரி பதிலளிக்காதபோது மைனஸ் 127 என்று தருகிறது; 85 என்பது மின்சாரம் கிடைத்தவுடன் சில்லில் இருக்கும் தொடக்க மதிப்பு. இவ்விரண்டையும் நிரல் தனியே பிரித்து ஒதுக்காவிட்டால் சராசரி முழுவதும் பாழாகும்.

ஆகவே, நிரந்தரமாக நீரில் கிடக்க வேண்டிய உணரியின் வாயை எபாக்சி ஊற்றி அடைத்து, அதன்மேல் உள்ளே பசை பூசிய சுருங்கும் உறையைப் போர்த்துமாறு வலியுறுத்துகிறேன். கேபிளின் மறுமுனையும் இணைப்புகளும் நீர்மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும், ஏனெனில் கேபிளின் உறைக்குள்ளேயே கம்பிகளை ஒட்டி நீர் நெடுந்தூரம் ஊர்ந்து செல்லக்கூடும். குழாயின் நுனியை மட்டும் நனைத்தால் வெளிவெப்பம் கேபிள் வழியே சில்லை அடையும்; கேபிளிலும் ஓரளவு நீரில் மூழ்கியிருக்கட்டும். உப்புநீரில் மலிவான எஃகு குழிகுழியாக அரிக்கப்படுகிறது. அங்கே 316 தர எஃகைக் கேட்டு வாங்குவது நல்லது.

மின்கலத்தில் இயங்கும் பதிவுக் கருவிக்கும் இது ஏற்றது. 12 பிட் அளவீடு ஒன்றுக்கு அதிகபட்சம் 750 மில்லி வினாடி போதும்; பெரிய நீர்நிலையின் வெப்பநிலை மெதுவாகவே மாறுவதால், சில நிமிடங்களுக்கு ஒருமுறை அளந்துவிட்டு மைக்ரோகண்ட்ரோலரை உறங்கவிடலாம். வைஃபை அலைகள் நீரைக் கடப்பதில்லை என்பதால், கருவி முழுவதையும் மூழ்கவிட எண்ணுவோர் எஸ்டி அட்டையில் பதிவதே சரி.

மீன்தொட்டிக்கும் ஆழமில்லாத குளத்துக்கும், வாயை அடைக்கும் அந்தச் சிறு வேலையைச் செய்ய ஆயத்தமாக இருப்போருக்கு, இந்த உணரியைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். 0.1 டிகிரித் துல்லியம் கட்டாயம் என்றால், அந்த அளவுக்கு உறுதியளிக்கும் டிஎஸ்ஒய்எஸ்01 (TSYS01) சில்லைக் கொண்ட உணரியை நாட வேண்டும். கடலின் ஆழத்துக்கு, அழுத்தம் தாங்குமென ஆழ அளவு குறிப்பிட்டு விற்கப்படும் உறையுள்ளதை மட்டுமே வாங்க வேண்டும்.