850 வெள்ளி போச்சு: ரெக்கார்டிங் செட் வாங்கப் போறவங்க பாத்துக்குங்க

மலேசியாவுல சுங்கை சிப்புட்காரன் நான். நேத்து ராத்திரி முழுக்கத் தூக்கமில்ல, அந்தக் கோபத்துலயே எழுதுறேன்.

மகனுக்கு 17 வயசு, காவடிப் பாட்டு நல்லா பாடுவான். தைப்பூசத்துக்குள்ள வீட்டிலேயே ஒரு பாட்டு பதிவு பண்ணிடலாம்னு ரெண்டு மாச ஓட்டி (ஓவர்டைம்) காசைச் சேத்து வச்சேன். பழைய சாமான் விக்கிற ஒரு செயலியில ஒரு கடைக்காரன் போட்டிருந்தான்: கண்டென்சர் மைக் (சின்ன சத்தத்தையும் புடிக்கிற மைக்), ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக்கைக் கம்ப்யூட்டர்ல சேக்குற பொட்டி), ஹெட்போன், மொத்தம் 900 வெள்ளி, அதாவது ரிங்கிட்.

எனக்கு இதுல ஒண்ணும் தெரியாதுன்னு நானே வாயை விட்டேன். உடனே போன் பண்ணான். "அண்ணே, நானும் தோட்டத்துல பொறந்தவன்தான். எங்கம்மா பால்மரம் வெட்டித்தான் என்னை வளத்தாங்க." தம்பி பாடுறதை அனுப்பச் சொன்னான். கேட்டுட்டு, "கணீர்னு இருக்குண்ணே, இந்த மைக்குக்குன்னே பொறந்த குரல்"னான். எந்த அப்பனுக்கு மனசு இளகாது? "செயலிக்குள்ள கட்டினா கமிஷன் புடிப்பான், நேரா பேங்க்ல போடுங்க, 50 வெள்ளி குறைச்சுக்கலாம்." போட்டேன். 850 வெள்ளி.

வந்தது இன்டர்ஃபேஸே இல்ல. நேரலை பண்றவங்க வேடிக்கை காட்ட வச்சிருக்கிற சவுண்ட் கார்டு. ஒரு பட்டனை அமுக்கினா கைதட்டல், இன்னொண்ணுல சிரிப்பு. கண்டென்சர் மைக்குக்கு 48 வோல்ட் கரண்ட் வேணுமாம், அதை இன்டர்ஃபேஸ்தான் கொடுக்கணுமாம். அந்தப் பொட்டியில தேடிப் பாத்தாலும் 48 இல்ல. மைக் வயரோட மறுமுனை இயர்போன் முனை மாதிரி. பாடினா குரலுக்கு முன்னாடி இரைச்சல்தான் வருது. மகன் மைக்கைக் கழட்டினான். அவ்ளோ பெரிய வலைத் தலைக்குள்ள சட்டைப் பொத்தானைவிடச் சின்னதா ஒரு குட்டி மைக் ஒட்டியிருக்கு!

அவனைக் கேட்டா, முதல்ல "கம்ப்யூட்டர்ல டிரைவர் சாப்ட்வேர் போடுங்கண்ணே". அப்புறம் "லாரியில குலுங்கியிருக்கும்". அதுக்கப்புறம் "பொட்டியத் திறந்துட்டீங்களே, இனி எடுக்க முடியாது". திறக்காம எப்படிடா பாடுறது? கடைசியா "முதலாளி வெளியூர்ல". அதுவரைக்கும் இவனேதான் முதலாளி! ஒன்பதாம் நாள் என் நம்பரை பிளாக் பண்ணிட்டான். செயலிக்காரங்க, வெளிய கட்டின காசுக்கு அவங்க பொறுப்பில்லையாம். போலீஸ்ல ரிப்போர்ட் கொடுத்திருக்கேன். 850 வெள்ளி.

என்ன வாங்கலாம்னு விலாவாரியா எழுதத்தான் உக்காந்தேன், கை நடுங்குது. செயலிக்கு வெளிய காசு கட்டாதீங்க. கட்டுறதுக்கு முன்னாடி, மோசடிப் புகார் வந்த அக்கவுண்டான்னு பாக்குற போலீஸோட செமாக் மியூல் இணையதளத்துல அக்கவுண்ட் நம்பரைத் தட்டிப் பாருங்க. ஏமாந்துட்டா அந்த நிமிஷமே மோசடிப் புகார் நம்பர் 997க்கு அடிங்க, என்னை மாதிரி ஒன்பது நாள் அவன்கிட்ட கெஞ்சிட்டு நிக்காதீங்க. இன்டர்ஃபேஸ்ல 48 வோல்ட் பட்டனைக் கண்ணால பாக்காம கண்டென்சர் வாங்காதீங்க. நம்ம தகரக் கூரை வீட்டுக்கு டைனமிக் மைக்கே (மேடையில கையில புடிச்சுப் பாடுற வகை) போதும்னு இப்பத்தான் ஒரு தம்பி சொன்னாரு, பக்கத்து வீட்டு டிவி சத்தம் அதுல அவ்வளவா ஏறாதாம். காரை எடுத்திருந்தா ஈப்போவுல ஒரு கடையில சொருகி, பாடிப் பாத்தே வாங்கியிருக்கலாம். ரசீதோட வாங்கியிருந்தா 5 வெள்ளி கட்டி பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்காவது போயிருக்கலாம். எங்கிட்ட ரசீது ஏது?

ஷிப்டுக்கு நேரமாச்சு. சின்னவ வேற அந்தக் கைதட்டல் பட்டனை அமுக்கிட்டே இருக்கா.