கைக்கு எதிர்விசையா, முதுகுக்கு அதிர்வா?

போர் விமான சிமுலேட்டரில் கொஞ்ச காலம் பறந்தவர்களுக்கு ஒரு கட்டத்தில் இந்தக் கேள்வி வரும்: அடுத்த காசை எதில் போடுவது? விமானத்தைச் செலுத்தும் கைப்பிடியிலேயே எதிர்விசை தரும் ஃபோர்ஸ் ஃபீட்பேக் ஸ்டிக்கிலா, நாற்காலியில் பொருத்தி அதை அதிர வைக்கும் ஷேக்கரிலா? இரண்டையும் ‘வைப்ரேஷன்’ என்று ஒரே பெயரில் சொல்லிவிடுகிறோம். உண்மையில் இரண்டும் சொல்லும் சேதியே வேறு. ஸ்டிக்கில் வரும் விசை, விமானம் நம் கைக்கு எவ்வளவு இடம் கொடுக்கிறது என்று சொல்கிறது. நாற்காலியில் வரும் அதிர்வு, விமானத்துக்கு என்ன நடக்கிறது என்று சொல்கிறது.

முதலில் ஸ்டிக். இரண்டாம் உலகப் போர் விமானங்களில் ஸ்டிக்குக்கும், இறக்கையிலும் வாலிலும் அசையும் பரப்புகளுக்கும் நடுவே இருந்தவை பெரும்பாலும் கம்பிகளும் தண்டுகளும்தான். வேகம் கூடக் கூடக் காற்றின் அழுத்தம் நேராகக் கைக்கு வரும். மெஸ்ஸர்ஷ்மிட் 109 வேகமாகக் கீழே பாயும்போது எலிவேட்டர் (மூக்கை ஏற்றி இறக்கும் வால் பரப்பு) இறுகிவிடும், மூக்கைத் தூக்க விமானி மல்லுக்கட்ட வேண்டும். ஸ்பிட்ஃபயரில் எலிவேட்டர் பூப்போல லேசு, ஆனால் அதிவேகத்தில் எய்லரான் (விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும் இறக்கைப் பரப்பு) கனத்துவிடும். சாதாரண ஸ்பிரிங் ஸ்டிக்கில் இந்த வித்தியாசம் எதுவும் தெரியாது. எந்த விமானமானாலும், எந்த வேகமானாலும் அதே ஸ்பிரிங், அதே கனம்.

இதைவிடப் பெரிய விஷயம் ட்ரிம், அதாவது கையால் ஓயாமல் அழுத்திப் பிடிக்காமலே விமானம் அதே நிலையில் பறக்கும்படி சரிசெய்வது. அந்த விமானங்களில் ட்ரிம் செய்தால் ஸ்டிக் தானாக வந்து நிற்கும் இடமே மாறும். ஸ்பிரிங் ஸ்டிக்கின் நடுப்புள்ளியோ நகராது. ஹெலிகாப்டரில் இந்தத் தொல்லை இன்னும் அதிகம். ஹியூயி ஹெலிகாப்டரில் ஃபோர்ஸ் ட்ரிம் பட்டனை அழுத்தி விட்டால் சைக்ளிக் (ஹெலிகாப்டரின் ஸ்டிக்) அங்கேயே நிற்க வேண்டும். ஸ்பிரிங் ஸ்டிக்கில் பட்டனை அழுத்திவிட்டு, கையைச் சட்டென்று நடுவுக்குக் கொண்டுவர வேண்டியிருக்கிறது. டிசிஎஸ் வேர்ல்ட் என்ற சிமுலேட்டரில் இதற்காகவே, ஸ்டிக் நடுவுக்குத் திரும்பும்வரை காத்திருக்கும் ஓர் அமைப்பு வைத்திருக்கிறார்கள். ஃபோர்ஸ் ஃபீட்பேக் ஸ்டிக்கில் இந்த வித்தை எதுவும் வேண்டாம். விட்ட இடத்தில் நிற்கும்.

இவ்வளவு நல்ல பொருள் நெடுங்காலம் கடையில் கிடைக்காமலே இருந்தது. மைக்ரோசாஃப்டின் சைட்விண்டர் ஃபோர்ஸ் ஃபீட்பேக் ப்ரோ 1997இல் வந்தது, பிறகு அதன் யுஎஸ்பி பதிப்பு வந்தது, அப்புறம் அந்த வரிசையே நின்றுபோனது. 2009இல் லாஜிடெக் ஜி940 வந்து, அதுவும் தொடரவில்லை. பழைய சைட்விண்டரைப் பழுது பார்த்துப் பார்த்துப் பறந்தவர்களின் பிடிவாதம்தான் இந்த ஆசையை உயிரோடு வைத்திருந்தது. இன்று விபிஃபோர்ஸ் ரைனோ, மோசா ஏபி9 என்று நல்ல மோட்டார் ஸ்டிக்குகள் இருக்கின்றன. ஆனால் விலையும் எடையும் அதிகம். மெல்லிய மேசையில் மாட்டினால் ஸ்டிக்குக்குப் பதிலாக மேசைதான் ஆடும்.

அடுத்தது ஷேக்கர். இதிலும் இரண்டு வகை. அதிர்வு மெத்தைகளில் இருப்பவை எடை ஒரு பக்கம் சாய்ந்த சிறு மோட்டார்கள். வேகமாகச் சுற்றினால் அதிர்வின் பலமும் ஏறும், அதிர்வெண்ணும் ஏறும். ஒன்றை விட்டு ஒன்றை மாற்ற முடியாது. பேஸ் ஷேக்கர், கூம்பு இல்லாத ஸ்பீக்கர் மாதிரி. ஆம்ப்ளிஃபயரோடு சேர்த்தால், பலமான மெதுவான குலுக்கலும் வரும், மெல்லிய வேகமான நடுக்கமும் வரும். விளையாட்டின் ஒலியை அப்படியே அதற்குள் அனுப்பாதீர்கள். எது குண்டுச் சத்தம், எது காற்று என்று பிரியாமல் எல்லாம் சேர்ந்து உலுக்கும். சிம்ஷேக்கர் போன்ற மென்பொருள், விமானத்தின் வேகம், தாக்குகோணம் (எதிர்வரும் காற்றுக்கு இறக்கை சாய்ந்திருக்கும் கோணம்) போன்ற தரவுகளையே எடுத்து அதிர்வாக மாற்றுகிறது. எஃப்-14இல் இறுக்கித் திரும்பும்போது, மானியைப் பார்க்காமலே ஸ்டாலுக்கு (இறக்கை தூக்குவிசையை இழக்கும் நிலைக்கு) எவ்வளவு நெருங்கிவிட்டோம் என்று முதுகு சொல்லிவிடும். கண் எதிரியின் மேலேயே இருக்கலாம். சண்டையில் இதற்கு ஈடான உதவி வேறில்லை என்பேன்.

இந்த நடுக்கத்தையும் ஸ்டிக்கிலேயே வாங்கிக்கொள்ளலாமே என்று கேட்பார்கள். கொஞ்சம் வாங்கலாம். ஆனால் கை நடுங்கினால் ஸ்டிக்கின் சென்சாரும் அந்த நடுக்கத்தைப் படிக்கும், குறி பார்த்துச் சுடும் நேரத்தில் மூக்கு அலையும்.

சரி, எதை வாங்குவது? எஃப்-16 மட்டும் பறப்பவருக்கு மோட்டார் ஸ்டிக் அவசியமே இல்லை. உண்மையான எஃப்-16இன் ஸ்டிக் ஏறக்குறைய அசையாது. கையின் அழுத்தத்தை மட்டும் அளந்து கணினிக்குச் சொல்லும், காற்றின் விசை கைக்குத் திரும்பி வராது. எஃப்/ஏ-18இலும் ஸ்டிக்கின் கனம் ஸ்பிரிங் தருவதுதான். இவர்கள் ஷேக்கர் வாங்கட்டும். பழைய புரொப்பெல்லர் விமானம், ஹெலிகாப்டர் என்றால் யோசிக்காமல் ஸ்டிக். எஃப்-4 ஃபேண்டம் பிரியர்களுக்குத்தான் சங்கடம். ஸ்டால் நெருங்கினால் விமானி காலால் மிதிக்கும் ரட்டர் பெடலையே நடுங்க வைத்து எச்சரித்த விமானம் அது, ஸ்டிக்கின் கனமும் வேகத்தோடு மாறும். அங்கே இரண்டும் தேவை. ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறது என்றால் ஷேக்கரில் தொடங்குங்கள், செலவு குறைவு.

அடுக்குமாடியில் இருப்பவர்கள் நாற்காலிக் கால்களுக்கு அடியில் தடித்த ரப்பர் வையுங்கள். தாழ்ந்த அதிர்வு தரை வழியாகக் கீழ்வீட்டுக்குப் போய்விடும். அமைப்புகளில் முதலில் என்ஜின் அதிர்வைக் குறையுங்கள். ஓயாமல் வரும் நடுக்கத்துக்குத் தோல் பத்து நிமிடத்தில் பழகிவிடும், அதன் பிறகு ஸ்டாலுக்கு முன் வரும் அந்த மெல்லிய நடுக்கம் முதுகுக்குத் தெரியாமலே போய்விடும்.