வாடகை வீட்டுக்கு டிவி ஸ்டாண்டு: வெல்டிங் பட்டறைல செஞ்சு வாங்கினது எப்படி இருக்கு

55 இன்ச் டிவிக்கு கடைல, ஆன்லைன்லன்னு பாத்துப் பாத்து சலிச்சுப்போய் கடைசில எங்க தெரு முனைல கேட், ஜன்னல் கிரில் எல்லாம் செய்ற வெல்டிங் பட்டறைல சொல்லி ஒரு ஸ்டாண்டு அடிச்சு வாங்கினோம், மேல போட்டிருக்கறது ப்ளைவுட் பலகை. ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு, நடுவுல வீடும் மாத்தியாச்சு, அதனால இப்ப தைரியமா ரிவ்யூ எழுதலாம். டிவி ஸ்டாண்டுக்கு உண்மையான பரீட்சையே வீடு மாத்தறப்பதான், வாங்கின அன்னைக்கு எல்லா ஸ்டாண்டும் அழகாத்தான் இருக்கும்.

முதல்ல ஏன் மத்ததெல்லாம் வேணாம்னு முடிவு பண்ணோம்னு சொல்லிடறேன். சுவத்துல மாட்டறதுதான் இடத்த அடைக்காது, கூட்டறது பெருக்கறது சுலபம், ஒத்துக்கறேன். ஆனா ஹவுஸ் ஓனர் டிரில் பண்ண விடமாட்டார், விட்டாலும் காலி பண்றப்ப நாலு ஓட்டைக்கும் சேத்து அட்வான்ஸ்ல பெயிண்ட்டிங் காசு புடிப்பார். இப்ப கட்டற அப்பார்ட்மெண்ட்ல பாதி லேசான ஏஏசி ப்ளாக் (உள்ள காத்துக்குமிழி இருக்கற சிமெண்ட் கல்லு) சுவரு வேற, அதுல சாதாரண பிளாஸ்டிக் பிளக் அடிச்சு திருகாணி போட்டா நாளடைவுல லூசாயிடும், அதுக்குன்னு தனி ஃபாஸ்ட்னர் இருக்கு, அது வச்சிருக்கற ஆளா பாத்து கூப்புடணும். சொந்த வீடு, செங்கல் சுவரு, டிவி பாயிண்ட்டும் சரியான உயரத்துல இருக்குன்னா தாராளமா மாட்டிக்கோங்க, இதுக்கு மேல படிக்கவே வேணாம்.

பழைய வீடுகள்ல ஹால்லயே கடப்பா கல் போட்டு ஷோகேஸ் கட்டியிருப்பாங்க இல்ல, நடுவுல டிவிக்குன்னு ஒரு பெரிய பொந்து விட்டு. அதெல்லாம் பொட்டி டிவி காலத்து கணக்கு. 2006ல அரசாங்கம் இலவசமா குடுத்துச்சே 14 இன்ச் கலர் டிவி, அது அதுல உக்காந்தா சுத்தி பொம்மை வைக்கவே இடம் இருக்கும். இப்ப 43 இன்ச் டிவியே அகலம் கிட்டத்தட்ட முப்பத்தெட்டு இன்ச் வருது, பொந்து மூணடின்னா முப்பத்தாறு, ரெண்டு இன்ச்சு பத்தாம வெளிய நிக்கும். எங்க பழைய வீட்லயும் அதே கதைதான், பொந்துல கடைசி வரைக்கும் சாமி படம்தான் இருந்துச்சு.

ஆன்லைன்ல வர்ற அசெம்பிள் பண்ற யூனிட் பத்தி கொஞ்சம் நீட்டித்தான் சொல்லணும். ஃபோட்டோல தேக்கு மாதிரியே பளபளன்னு இருக்கும், கீழ 'எஞ்சினியர்டு வுட்'னு போட்டிருப்பான், பெரும்பாலும் அது பார்ட்டிகிள் போர்டுதான், அதாவது மரத்தூள பசை போட்டு அழுத்தி மேல பேப்பர் ஒட்டினது. ஒரே எடத்துல வச்சு தண்ணி படாம பாத்துக்கிட்டா வருஷக்கணக்குல ஓடும், பொய் சொல்லல. ஆனா நம்ம வீட்ல தெனம் ஈர மாப் போடறோம், கீழ் ஓரத்துல தண்ணி எறங்கி எறங்கி ஒரு நாள் உப்பிக்கும், உப்பினது திரும்ப அமுங்கவே அமுங்காது. 2015 டிசம்பர், 2023 டிசம்பர் மழைல சென்னைல வேளச்சேரி, பள்ளிக்கரணை பக்கம் தரைத்தளத்துல இருந்தவங்கள கேட்டுப்பாருங்க, வடிஞ்ச அப்புறம் தெருவுல வந்து கெடந்த சாமான்ல இந்த மாதிரி யூனிட்டும் அலமாரியும் எவ்வளவுன்னு. அடுத்தது ஷிஃப்டிங். கழட்டறப்ப அந்த திருகாணி ஓட்டை ரஸ்க் மாதிரி உதிரும், புது வீட்ல மாட்டினா புடிமானம் இருக்காது, லேசா தொட்டா ஆடும். என் தங்கச்சி வீட்ல ஒண்ணு அப்படித்தான் ஆச்சு, இப்ப அது பால்கனில செருப்பு ஸ்டாண்டு. வாங்கியே ஆகணும்னா டிஸ்க்ரிப்ஷன்ல பார்ட்டிகிள் போர்டா, எம்டிஎஃப்பா (மர நார பசை போட்டு அழுத்தின பலகை), ப்ளைவுட்டான்னு தெளிவா போட்டிருக்கான்னு பாருங்க, கால் வச்சு தரைல இருந்து அஞ்சாறு இன்ச் தூக்கியிருக்கறதா எடுங்க, தொடப்பமும் உள்ள போகும்.

சரி எங்க ஸ்டாண்டுக்கு வரேன். அஞ்சடி நீளம், பதினாறு இன்ச் அகலம், இருபது இன்ச் உயரம். ஒரு இன்ச் ஸ்கொயர் இரும்பு பைப்பு, தகடு கனம் 18 கேஜ். மேலயும் நடுவுலயும் 19 எம்எம் ப்ளைவுட், ஐஎஸ் 303 (ப்ளைவுட்டுக்கான இந்திய தர எண்) முத்திரை இருக்கற பிடபிள்யூஆர் கிரேடு, அதாவது ஈரத்த நல்லா தாங்கற ரகம், அதுக்கு மேல மைக்கா ஒட்டி ஓரத்துக்கு பீடிங். நாலு காலுக்கும் அடில போல்ட் வச்ச புஷ்ஷு, தரை மேடு பள்ளமா இருந்தா திருகி சரி பண்ணிக்கலாம். எல்லாம் சேத்து ஆறாயிரத்து ஐநூறு ஆச்சு, கூலி உள்பட.

இந்த உயரம் எப்படி வந்துச்சுன்னா, சோஃபால உக்காந்தா நம்ம கண்ணு தரைல இருந்து சுமார் நாப்பது இன்ச்சுல இருக்கும், டிவியோட நடு அந்த உயரத்துக்கு வரணும்பாங்க. 55 இன்ச் டிவி உயரம் மட்டும் இருபத்தேழு வரும், அதோட கால் ரெண்டு ரெண்டரை இன்ச், கணக்கு போட்டா ஸ்டாண்டு இருபத்திநாலு வேணும். ஆனா எங்க வீட்ல சோஃபால உக்காந்து பாக்கறது நான் மட்டும்தான், மாமியாரும் பசங்களும் தரைல பாய் போட்டு உக்காந்துதான் பாப்பாங்க, சாப்பாடும் அங்கதான், அவங்களுக்கு கண்ணு முப்பதுகிட்டதான் இருக்கும். அதனால நடுவுல இருபதுன்னு வச்சோம். யாருக்கும் கழுத்து வலிக்கல. இதுல பலரும் கவனிக்காதது, டிவி பெருசாக பெருசாக ஸ்டாண்டு தாழணும், 43 இன்ச்ச இதே இருபது இன்ச் ஸ்டாண்டுல வச்சா சோஃபால இருக்கறவங்களுக்கு கீழ குனிஞ்சு பாக்கற மாதிரி இருக்கும்.

இன்னொன்னு, கடைல '55 இன்ச் வரைக்கும்'னு எழுதியிருக்கறத நம்பாதீங்க. டிவியோட ரெண்டு காலுக்கும் நடுவுல எவ்வளவு தூரம்னு டேப்பு வச்சு அளங்க. சில மாடல்ல கால் நடுவுல கிட்ட கிட்ட இருக்கும், சிலதுல ரெண்டு ஓரத்துலயும் போய் நிக்கும், நாலடி ஸ்டாண்டுன்னா காலு விளிம்புல தொங்கற மாதிரி ஆயிடும். டிவி வாங்கலன்னா அந்த மாடலோட அளவு படம் நெட்லயே இருக்கும். வெயிட்டு பத்தி பயம் வேணாம், பழைய 29 இன்ச் பொட்டி டிவி நாப்பது கிலோ இருந்துச்சு, இது பதினஞ்சு சொச்சம்தான். பயம் எதுக்குன்னா பசங்க புடிச்சு இழுக்கறதுக்குத்தான். பட்டறை அண்ணன்கிட்ட பின்பக்கம் ரெண்டு கொக்கி வைக்க சொன்னேன், டிவி பின்னாடி சுவத்துல மாட்டறதுக்கு ஓட்டை இருக்கும்ல, அதுல போல்ட் போட்டு பெல்ட்டால அந்த கொக்கியோட கட்டிட்டோம். என் பையன் ஏறி மிதிச்சு ட்ரை பண்ணி பாத்துட்டான், அசையல. கடைல வாங்கின எதுலயும் இந்த கொக்கிய நான் பாக்கல.

பின்னாடி ஓப்பனா இருக்கறதால செட்டாப் பாக்ஸ், மோடம் ரெண்டும் சூடாகறதில்ல, மூடின கதவு வச்ச யூனிட்ல பலகைக்குள்ள போட்டா ரிமோட்டும் வேலை செய்யாது. சவுண்ட்பார் வச்சிருக்கறவங்க ஒண்ணு பாத்துக்கோங்க, டிவி கால் குள்ளமா இருந்தா முன்னாடி வைக்கற சவுண்ட்பார் டிவியோட ரிமோட் சென்சார மறைச்சுடும், எங்க சவுண்ட்பார் நடுத்தட்டுல போயிடுச்சு.

ஷிஃப்டிங் அன்னைக்கு ரெண்டு பேர் அப்படியே தூக்கிட்டு போய் வண்டில போட்டாங்க, அதுக்கு மேலயே ரெண்டு அட்டைப்பெட்டி வேற அடுக்கினாங்க. புது வீட்ல எறக்கி வச்சு புஷ்ஷ ரெண்டு திருகு திருகினதோட வேலை முடிஞ்சுது.

குறை இல்லாம இல்ல. டிராயர் கிடையாது, ரிமோட், பேட்டரி, கரண்ட் பில்லு எல்லாம் கண்ணுக்கு தெரியற மாதிரி கெடக்கும், மாமியார் இன்னும் முணுமுணுக்கறாங்க. ஒயரு பின்னாடி தொங்கறது தெரியும், டேக் போட்டு காலோட கட்டணும். பெயிண்ட் வாசனை போக ஒரு வாரம் ஆச்சு. ஒரு கால்ல மாப் இடிச்சு பெயிண்ட் போன எடத்துல துரு லேசா தலைகாட்டுது, அங்க மட்டும் மறுபடி அடிக்கணும். திருவான்மியூர், ஈசிஆர் மாதிரி கடல் காத்து அடிக்கற ஏரியான்னா சாதா பெயிண்ட் தாங்காது, கொஞ்சம் கூட குடுத்து பவுடர் கோட்டிங் (பெயிண்ட் பவுடர தூவி சூட்டுல உருக்கி ஒட்ட வைக்கறது) பண்ணிக்கோங்க.

பட்டறைல சொல்றப்ப மூணு விஷயம் மொதல்லயே பேசிடுங்க: வெல்டிங் புடைப்ப கிரைண்டர் போட்டு வழவழன்னு எடுத்துடணும், துரு புடிக்காம இருக்க ரெட் ஆக்சைடு பிரைமர் ஒரு கோட் அடிச்சுட்டுத்தான் பெயிண்ட், பைப்போட ஓப்பன் முனைய மூடி தரணும், இல்லன்னா கரப்பான் உள்ள குடும்பம் நடத்தும். ப்ளைவுட்ட நீங்களே கடைல வெட்டி வாங்கி குடுத்துடுங்க, அவங்க போடற பலகை என்ன கிரேடுன்னு சொல்லவே மாட்டாங்க.