அல்டோ றொமானோவின் ‘கார்னே து ரூட்’: கேட்கவும் பார்க்கவும் ஓர் இறுவட்டு

வட்டக்களரியில் மத்தளத்தோடு நிற்கும் அண்ணாவியாரே கூத்தின் பாட்டையும் ஆட்டத்தையும் நடத்திச் செல்வதைக் கண்டு பழகிய மட்டக்களப்பாருக்கு, தாளக்காரர் ஒருவர் மெட்டமைப்பதும் குழுவை வழிநடத்துவதும் புதுமையாகத் தோன்றாது. ஜாஸில் அது அவ்வளவு வழக்கமன்று. ட்ரம்ஸ் வாசிப்பவர் பெரும்பாலும் பிறருடைய மெட்டுக்குப் பின்னால் அமர்ந்திருப்பவர். அல்டோ றொமானோ அந்த வழக்கத்துக்கு விலக்கானவர் என்பதை அறிய, 1995இல் பிரான்ஸின் லேபிள் ப்ளூ நிறுவனம் வெளியிட்ட இந்த இறுவட்டு நல்ல வாயில்.

றொமானோ 1941இல் இத்தாலியின் பெல்லூனோவில் பிறந்து, சிறு வயதிலேயே பிரான்ஸுக்குக் குடிபெயர்ந்தவர். முதலில் கையில் எடுத்தது கிற்றார். ட்ரம்ஸ் பிறகே வந்தது. அவருடைய மெட்டுகள் முணுமுணுக்கத்தக்கவையாக இருப்பதற்கு அந்தக் கிற்றாரே காரணம் என்பது என் ஊகம். பியானோ மேதை மிஷேல் பெத்ருச்சியானி பதினெட்டு வயதில், 1981இல், தன் பெயரையே தலைப்பாக்கி வெளியிட்ட இசைத்தட்டில் ட்ரம்ஸ் வாசித்தவரும் இவரே.

‘கார்னே து ரூட்’ மூவரின் கூட்டு முயற்சி. லூயி ஸ்கிளாவிஸ் கிளாரினெட்டும் சாக்ஸபோனும், ஆன்றி டெக்சியே தாழ்ந்த ஒலி தரும் பெரிய தந்தி வாத்தியமான டபுள் பாஸும் வாசிக்கிறார்கள். இம்மூவரும் புகைப்படக் கலைஞர் கீ லெ கெரெக்குடன் ஆபிரிக்க நாடுகளில் மேற்கொண்ட இசைப்பயணத்தின் பேறு இது. ஆயினும் ஆபிரிக்கத் தாளங்களை அப்படியே எடுத்து ஒட்டிவைக்கும் அவசரம் எங்கும் இல்லை. டெக்சியே ஒரே சொற்கட்டைத் திரும்பத் திரும்ப வாசித்து நிலம் அமைக்க, அதன்மேல் பாஸ் கிளாரினெட்டின் அடித்தொண்டைக் குரல் எழும்போது, றொமானோ சிம்பல் எனும் உலோகத் தட்டை மெல்லத் தொட்டு, ஓரடியை வேண்டுமென்றே விட்டுவிட்டு, அடுத்ததைச் சற்றே அழுத்தி வைக்கிறார். அந்த விடுபட்ட அடியில்தான் மெட்டு மூச்சு வாங்குகிறது. பலத்தைக் காட்டும் தனிஆவர்த்தனத்தை எதிர்பார்ப்போர் ஏமாறுவர். எனக்கு அந்த அடக்கமே இந்த இறுவட்டின் பெருஞ்சிறப்பு.

ஒரு குறை சொல்லலாம். மூவரும் இசையமைப்பில் பங்கு கொள்வதால், றொமானோ என்ற இசையமைப்பாளரை மட்டும் தேடுபவருக்கு இங்கே கிடைப்பது ஒரு பகுதியே.

உடன் வரும் புகைப்படத் தொகுப்பைத் தனியே குறிப்பிட வேண்டும். கறுப்பு வெள்ளையில் லெ கெரெக் எடுத்த படங்களைப் புரட்டியபடி கேட்கையில், இசைப்பவர் யாருக்கு முன்னால் வாசித்தார்கள் என்பதும் தெரியவருகிறது. இணையத்தில் கேட்போர் இதை இழந்துவிடுவர். மட்டக்களப்பு நகரக் கடைகளில் இந்த இறுவட்டை நான் கண்டதில்லை. என்னுடையது பாரிஸிலிருந்து விடுமுறைக்கு வந்த மைத்துனரின் பெட்டியில் வந்தது. வெளிநாட்டில் உறவினர் இருப்போர் சொல்லிவிடலாம். கைத்தொலைபேசியின் ஒலிபெருக்கியில் கேட்டால் டபுள் பாஸ் முற்றாக மறைந்துவிடும். நல்ல ஹெட்போனாவது வேண்டும்.

மெட்டு வளமே முதன்மை என்போர், பாரிஸையும் ரோமையும் இணைத்த இரவு ரயிலின் பெயரைத் தாங்கிய, றொமானோ ட்ரம்ஸ் வாசித்த ‘பலத்தினோ’ குழுவின் இசைத்தட்டுகளிலிருந்து தொடங்கலாம். பியானோ இல்லாத அந்த நால்வர் குழுவில், பாவொலோ ஃபிரேசுவின் ட்ரம்பெட்டும் கிளென் ஃபெரிஸின் ட்ரொம்போனும் மெட்டை ஏந்துகின்றன.