பாக்கெட்டுக்குக் கத்தியா, குறடா?

சாவி, பர்ஸ், போன் மூன்றும் எல்லோர் பாக்கெட்டிலும் இருக்கும். நாலாவதாக ஒரு கருவியையும் வைத்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் வந்து நிற்பது பெரும்பாலும் ஒரே கேள்வியில்தான். சிவப்புப் பிடி போட்ட சுவிஸ் கத்தி வாங்குவதா, விரித்தால் குறடாகும் லெதர்மேன் வகையறா வாங்குவதா? கடைகளில் இரண்டும் ஒரே கண்ணாடிப் பெட்டிக்குள் அடுத்தடுத்து இருப்பதால், ஒன்றுக்கு ஒன்று மாற்று என்று தோன்றும். கையில் எடுத்துப் பார்த்தால் அப்படி இல்லை.

சுவிஸ் கத்தி ராணுவத்துக்காகப் பிறந்தது. கார்ல் எல்சனர் 1884-இல் ஈபாக் என்ற ஊரில் பட்டறை வைத்தார். 1891-இல் அங்கிருந்து முதல் தொகுதி கத்திகள் சுவிட்சர்லாந்து ராணுவத்துக்குப் போயின. சிப்பாய்க்கு டின் உணவைத் திறக்க வேண்டும், துப்பாக்கியைக் கழற்றி மாட்ட வேண்டும். அதற்கு என்ன தேவையோ அது மட்டும்தான் அதில் இருந்தது. 1897-இல் வந்த அதிகாரிகளுக்கான மாடலில்தான் கார்க் திருகி சேர்ந்தது. எத்தனை சேர்த்தாலும் அடிப்படையில் அது கத்தி. மற்றதெல்லாம் கூட வந்த சொந்தக்காரர்கள்.

லெதர்மேன் கதை நேர் எதிர். 1975-இல் டிம் லெதர்மேன் ஒரு பழைய காரில் ஐரோப்பாவைச் சுற்றினார். வண்டி மக்கர் செய்துகொண்டே இருந்தது, தங்கிய இடங்களில் குழாய் ஒழுகியது. மடக்குக் கத்தி அவரிடம் இருந்தது, இல்லாதது குறடு. அதை மடக்கிப் பாக்கெட்டில் போடும்படி வடிவமைத்து, விற்பனைக்குக் கொண்டுவர 1983 ஆகிவிட்டது. ஆக, இதில் குறடுதான் முதலாளி.

இந்த ஒரு வித்தியாசத்தை மனத்தில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். உங்கள் நாளில் வெட்டுவது அதிகமா, பிடித்துத் திருகுவது அதிகமா என்று பாருங்கள். பார்சல் பிரிப்பது, நூல் நறுக்குவது, பழம் வெட்டுவது, முள் எடுப்பது என்றால் சுவிஸ் கத்தி போதும். இறுகிப்போன நட்டு, வளைந்த கம்பி, சைக்கிள், ஒயர் என்று கை போகிறவர்களுக்குக் குறடு இல்லாமல் ஆகாது. கத்தி இல்லாவிட்டால் சாவி முனையால்கூட டேப்பைக் கிழித்துவிடலாம். குறடு இல்லாத இடத்தில் விரலாலும் பல்லாலும் முயல்வது வீண்.

இவ்வளவு சொன்ன பிறகு குறடுக்கே என் ஓட்டு என்று நினைக்கலாம். எடை குறுக்கே வருகிறது. சுவிஸ் கத்தியிலேயே சிறிதான, மடக்கினால் 58 மி.மீ. நீளம் வரும் கிளாசிக் மாடல் சுமார் 21 கிராம்தான். சாவிக்கொத்தில் மாட்டினால் இருப்பதே தெரியாது. 91 மி.மீ. ஸ்பார்ட்டன் 60 கிராமை ஒட்டி வரும். லெதர்மேன் வேவ் பிளஸ் 241 கிராம். பல போன்களைவிடக் கனம். பேன்ட் பாக்கெட்டில் போட்டால் துணியை இழுக்கும், உட்காரும்போது தொடையில் குத்தும். அதற்கென்று உறை வாங்கி இடுப்பு பெல்ட்டில் மாட்டுகிறவர்கள் உண்டு. அலுவலக உடையோடு அது பொருந்துமா என்பது அவரவர் தைரியம். நடைமுறையில் இந்தக் கனமான கருவி ஓரிரு வாரத்தில் பாக்கெட்டிலிருந்து பைக்கும், பையிலிருந்து மேஜை இழுப்பறைக்கும் இடம் மாறிவிடும். இழுப்பறையில் கிடக்கும் குறடு எவ்வளவு நல்லதாக இருந்து என்ன பயன்?

சரி, தினமும் கை அதிகம் தேடுவது எதை? என் கணக்கில் கத்தரிக்கோலை. இதில் சுவிஸ் கத்தியை அடிக்க ஆளில்லை. குட்டி கிளாசிக்கில்கூடக் கத்தரி நகம் வெட்டும், மருந்து அட்டையை நறுக்கும், சட்டையில் தொங்கும் நூலை இழுக்காமல் எடுக்கும். ஸ்பார்ட்டனில் கத்தரி கிடையாது என்பதை வாங்குமுன் கவனிக்க வேண்டும். கிளைம்பர், ஹன்ட்ஸ்மேன் மாடல்களில் உண்டு. பிடியில் செருகியிருக்கும் சாமணமும் பல்குச்சியும் பலருக்குப் பிடித்தவை. தொலைவதும் அவைதான் முதலில்.

திருப்புளியில் குறடு வகை முன்னே நிற்கிறது. விரித்துப் பிடித்தால் கை நிறையப் பிடி கிடைக்கும், முனைகளையும் மாற்றலாம். சுவிஸ் கத்தியின் டின் திறப்பான் முனை சின்ன நட்சத்திர ஸ்க்ரூவுக்குப் பொருந்தும் என்பது பலருக்குத் தெரியாது. அவசரத்துக்கு அது போதும். இறுகிய ஸ்க்ரூவில் அழுத்தினால் மடங்கி விரலைக் கடிக்கும். எஃகின் தரத்தைப் பற்றிச் சண்டை போடுகிறவர்கள் போடட்டும். சாதாரண உபயோகத்துக்கு இரண்டும் போதுமானவை, இரண்டையும் எளிதாகத் தீட்டிக்கொள்ளலாம்.

விரித்த கத்தி மடங்காமல் பிடிக்கும் பூட்டு விஷயத்தை மட்டும் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 91 மி.மீ. சுவிஸ் கத்தி வில் அழுத்தத்தில் மட்டும் நிற்கிறது. நகத்தால் நெம்பித் திறக்க வேண்டும். வேவ் பிளஸ் கத்தியைக் கட்டை விரலாலேயே திறக்கலாம், திறந்ததும் பூட்டிக்கொள்ளும். வேலை செய்ய அதுதான் பாதுகாப்பு. ஆனால் சில நாட்டுச் சட்டங்களுக்கு இதே வசதிதான் கண்ணை உறுத்துகிறது. பிரிட்டனில் வெட்டு விளிம்பு 3 அங்குலத்துக்கு மேல் போகாத, பூட்டாத மடக்குக் கத்தியைக் காரணம் சொல்லாமல் வைத்திருக்கலாம். பூட்டும் கத்தி என்றால் தக்க காரணம் வேண்டும். ஜெர்மனியிலும் ஒற்றைக் கையால் திறந்து பூட்டிக்கொள்ளும் கத்தியை வெளியில் கொண்டு செல்லக் கட்டுப்பாடு உண்டு. பயணம் போகிற இடத்தின் விதியைப் பார்த்துவிட்டு வாங்குவது நல்லது.

ஒன்றுதான் வாங்குவேன் என்பவருக்கு என் யோசனை: பாக்கெட் என்றால் கத்தரி வைத்த சுவிஸ் கத்தி. தோள்பையோ வண்டியோ எப்போதும் கூடவே இருக்கும் என்றால் குறடு. இரண்டும் வாங்க முடிந்தவர் கிளாசிக்கைச் சாவியிலும் குறடைப் பையிலும் போட்டுவிட்டு இந்த விவாதத்தை மறந்துவிடலாம்.

அப்புறம், விமானத்தில் அடிக்கடி போகிறவர்கள். பல நாடுகளில் கேபினுக்குள் கத்தி செல்லாது. அங்கெல்லாம் இரண்டையுமே செக்-இன் பெட்டிக்குள் வைக்க வேண்டும். கைப்பை மட்டும் கொண்டு போகிறவருக்கு இரண்டுமே உதவாது. கத்தியே இல்லாத, குறடும் கத்தரியும் உள்ள கருவிகள் இவர்களுக்காகவே வந்திருக்கின்றன. அமெரிக்க விமான நிலையங்களில் 7 அங்குலத்துக்கு உட்பட்ட கைக்கருவிகளுக்கு அனுமதி உண்டு என்றாலும், கடைசி முடிவு சோதனை மேஜையில் நிற்பவருடையது. எல்சனர் தொடங்கிய, சுவிஸ் கத்தியால் பெயர் வாங்கிய விக்டோரிநாக்ஸ் நிறுவனமே கத்தியில்லாத கருவியை உருவாக்கி வருவதாக 2024-இல் சொன்னது. அதில் கத்தரியை மட்டும் விட்டுவைத்தால் நானும் ஒன்று வாங்குவேன்.