நாலு வருஷமாக ஒரு ஸ்ப்ளைசிங் மெஷினும் அதன் 0.01-உம்

தேனியில் கேபிள் தொழில் செய்கிற நண்பர் போன வாரம் கேட்டார்: "அண்ணே, ஃபைபர் ஒட்டுற மெஷின் விலை இப்ப இறங்கியிருக்கு, உங்ககிட்ட இருக்கிற அதே மாடலையே வாங்கிடலாமா?" பதில் அடிக்க ஆரம்பித்து நீண்டுவிட்டது, அதனால் இங்கேயே போடுகிறேன். மூன்று வாரம் சர்வீஸில் கிடந்துவிட்டு முந்தாநாள்தான் மெஷின் கைக்கு வந்தது, அந்தக் கோபமும் இதில் இருக்கும்.

ஆறு மோட்டார், இழையின் நடுவில் இருக்கிற கோரைப் பார்த்துச் சேர்க்கிற வகை. மற்றதைக் கடைக்காரரே ஒப்பிப்பார். நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். 125 மைக்ரான் கண்ணாடி இழை, அதற்குள் வெளிச்சம் ஓடுகிற கோர் வெறும் 9 மைக்ரான். அப்படிப்பட்ட இரண்டு முனைகளை நேருக்கு நேர் நிறுத்தி, தீப்பொறியில் உருக்கி, சில நொடியில் ஒட்டிக் கொடுத்துவிடுகிறது. மொட்டை மாடி, மின்கம்பத்தடி, ஆட்டோ பின்சீட்டு, எங்கே வைத்தாலும் வேலை செய்யும். பேட்டரி இன்றுவரை என்னைக் கைவிட்டதில்லை.

எரிச்சல் ஒன்றே ஒன்றுதான். ஒட்டி முடித்ததும் ஜாயின்டில் வெளிச்ச இழப்பு இவ்வளவுதான் என்று திரையில் '0.01 டிபி' காட்டுகிறதே, அந்த எண். மெஷின் அதை அளந்து சொல்வதில்லை. கேமராவில் தெரிகிற படத்தை வைத்து ஒரு கணக்குப் போட்டுச் சொல்கிறது, ஜாயின்ட் வழியாக வெளிச்சம் எவ்வளவு போகிறது என்று அதற்குத் தெரியாது. போட்டோவைப் பார்த்தே மாப்பிள்ளை குணத்தைச் சொல்கிற தரகர் மாதிரி.

போன ஐப்பசி மழையில் ஒரு லாரி எங்கள் 24 கோர் (அதாவது 24 இழை) கேபிளை இழுத்துக்கொண்டு போய்விட்டது. ராத்திரி தார்ப்பாய்க்கு அடியில் உட்கார்ந்து அத்தனையும் அடித்தோம், எல்லாமே 0.01, 0.02. விடிந்தால் கடைசித் தெரு முழுக்க வீட்டு இணையப் பெட்டிகளில் சிவப்பு லைட். வெளிச்ச அளவு -26 டிபிஎம்-இல் ஓடிக்கொண்டிருந்த வீட்டில் பவர் மீட்டர் -28-க்கும் கீழே காட்டுகிறது, அந்த ஜிபான் பெட்டியோ -27 வரைதான் தாங்கும். எந்த இடத்தில் எவ்வளவு வெளிச்சம் இழக்கிறது என்று கோடு போட்டுக் காட்டுகிற ஓ.டி.டி.ஆர் கருவியை வாடகைக்கு எடுத்து அடித்தால் அதே ஜாயின்ட் இடத்தில், 1550 நானோமீட்டர் அலைநீளத்தில் மூன்று டிபி இறக்கம். அன்றைக்கு மெஷினை நான் திட்டிய திட்டு இங்கே எழுத முடியாது. அப்புறம் 1310-இல் பார்த்தால் கால் டிபிகூட இல்லை. ஜாயின்ட் கெட்டிருந்தால் இரண்டிலும் கிட்டத்தட்ட ஒரே அளவு விழும், 1550-இல் மட்டும் இப்படி விழுந்தால் ஃபைபர் மடங்கியிருக்கிறது என்று அர்த்தம். ஜாயின்ட் வைக்கிற டிரேயில் இழையை நெருக்கிச் சுற்றி மூடியை அழுத்தியது எங்கள் பையன். சரி, அதில் மெஷின் மேல் தப்பில்லை.

ஆனால் இந்தத் தடவை தப்பு அதன் மேல்தான். தீப்பொறி விடுகிற எலக்ட்ரோட் முனை தேய்ந்து கறுத்துப் போயிருந்தது, திரை மட்டும் 0.02 என்றே சாதித்துக்கொண்டிருந்தது. நிஜத்தில் 0.3. இரண்டு பக்கமிருந்தும் அளந்து சராசரி எடுத்துத்தான் சொல்கிறேன், ஒரு பக்கம் மட்டும் பார்த்தால் பழைய ஃபைபரும் புதுசும் சேருகிற இடத்தில் வெளிச்சம் கூடிவிட்ட மாதிரி கோடு மேலே ஏறும், ஓ.டி.டி.ஆரும் ஏமாற்றும். 0.3 என்றால் ஒன்றரைக் கிலோமீட்டர் ஃபைபர் தின்கிற வெளிச்சத்தை ஒரே ஜாயின்ட் தின்கிறது. கையேடு சொன்ன எண்ணிக்கையைத் தாண்டி ஆயிரம் ஜாயின்ட் கூடுதலாக அடித்தது நான்தான், ஒப்புக்கொள்கிறேன். எலக்ட்ரோடை நானே பத்து நிமிடத்தில் மாற்றியிருப்பேன், கூடவே ஒரு மோட்டாரும் படுத்துவிட்டதால்தான் சர்வீஸுக்குப் போனது. அந்த ஒரு மோட்டாருக்கு மூன்று வாரம்!

ஆகவே தம்பி, இதை வாங்காதே. அந்தப் பணத்தில் இழை முனையை நேராக வெட்டுகிற நல்ல கிளீவரும் சொந்தமாக ஒரு ஓ.டி.டி.ஆரும் வாங்கு, மெஷினை வாடகைக்கு எடுத்துக்கொள். என்னுடையதைக் கேட்காதே, தர மாட்டேன்.

நேற்று சாயங்காலம் எட்டு ஜாயின்ட் அடித்தேன். ஒன்றில் 0.00 காட்டியது. பையனைக் கூப்பிட்டுக் காட்டினேன்.